கொக்கு இறங்காத இடம்

நான் எழுதிய துப்பறியும் கதைக்காகத்தான் ஒத்தக்கடை பக்கம் ஒரு நீர்பாய்ச்சியைப் பார்க்கப் போனேன். கண்மாய் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர். எதைக் கேட்டாலும் நெற்றியில் கையை வைத்து, கண்மாயை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“இங்க ஒரு பொணத்தைப் போட்டா எத்தனை நாள் மறைக்கலாம்ணே?”

“ஒரு நாள் தாங்காது சார். பொணம் கெடக்குற பக்கம் கொக்கு எறங்காது. என்னான்னு போய்ப் பாத்துருவேன்ல.”

கதையில் அதையே துப்பாக வைத்தேன். புத்தகம் வந்ததும் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அதற்குள் பாதிக் கண்மாயைக் கட்டட இடிபாடு மூடியிருந்தது. மீதியில் சாக்கடை. வழக்கம்போல நெற்றியில் கையை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இப்பன்னா எம்புட்டு நாள் வேணாலும் மறைக்கலாம் சார். எங்கிட்டுமே கொக்கு எறங்கலையே.”

என் கதையில் கொலைகாரன் பிடிபடும் பக்கத்தை வாசிக்காமலே புத்தகத்தை மூடினேன்.