தொலைந்துபோன அமாவாசை

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் பிரஷர் என்று சென்னை டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ரத்தத்தில்தானே பிரஷர் இருக்கும், கண்ணில் என்ன பிரஷர்? டாக்டர் சிரிக்கவில்லை. பார்வை ஓரங்களிலிருந்து உள்பக்கமாக இருட்டிக்கொண்டே வரும், சொட்டு மருந்து போட்டால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், போன பார்வை திரும்பாது என்றார். எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று கேட்டேன். "சில பேருக்குப் பத்து வருஷம், சில பேருக்கு ரெண்டே வருஷம். பார்க்கணும்னு நெனைச்சதையெல்லாம் பார்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

காஞ்சிபுரம் திரும்பும் பஸ் வாலாஜாபாத்தை நெருங்கிவிட்டது. அப்போதுதான் அவர், "உலகத்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றார். தென்னேரி ஏரி நிரம்பியிருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். லண்டனில் ஓடும் ஆறு எது, ஜப்பானில் எத்தனை பெரிய தீவுகள் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நானே போய்ப் பார்த்த தூர தேசம் மைசூர். அவர் பாங்கில் வேலை பார்த்தார். குழந்தை குட்டி இல்லை. "உங்களுக்கென்ன, நெனைச்சா கிளம்பிடலாம்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதற்கென்ன காசா பணமா!

பணத்துக்கு ஓரிக்கையில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம். நாள்தான் கிடைக்கவில்லை. எனக்கு மே மாதம் மட்டும்தான் லீவு. பாங்கில் அவருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு நாள் கூடத் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். அந்த ஒரு மாதத்திலேயே எங்கள் ஊரில் வைகாசி உற்சவம், கருட சேவை. போதாததற்கு என் மாமனார் திவசமும் வைகாசியில்தான். திதி ஒவ்வொரு வருஷமும் முன்னே பின்னே நகரும். என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை, வீட்டில் இருந்தே ஆகவேண்டும்.

அந்த வருஷம் திதி தள்ளி ஜூனில் விழுந்தது. கருட சேவையை நான் கேட்காமலே அவரே விட்டுக்கொடுத்தார். "நாப்பது வருஷமா நான் பெருமாளைப் பார்த்துண்டிருக்கேன். என் கண்ணு சமாச்சாரம் அவருக்குத் தெரியாதா?" என்றார். பெருமாள் முன்னால் பாசுரம் சொல்லிப் போகும் கோஷ்டியில் ஒரு வருஷம்கூடத் தவறாமல் நின்ற மனுஷர்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு டிக்கெட் போடும் பையன் ஒருவன் இருந்தான். உலகம் சுற்றத் தனியாகவே ஒரு டிக்கெட் உண்டு, விலையும் குறைவு என்று அவன்தான் சொன்னான். "ஆனா ஒரே கண்டிஷன் மேடம். மேற்கால கெளம்பினா மேற்காலயே போய்க்கினே இருக்கணும். நடுவுல திரும்பி வர்றதெல்லாம் கெடையாது. நம்ம ஊரு ஒன்வே மாதிரி!" லண்டன், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, டோக்கியோ, சிங்கப்பூர் என்று வழி போட்டான். தங்குவதற்கு மலிவான அறைகள், சாப்பாட்டுக்குப் பெட்டி நிறைய அவலும் புளிக்காய்ச்சலும் என்று நான் திட்டம் போட்டேன்.

ஊருக்கு ஒரே ஒரு காட்சி போதும் என்பது அவர் கணக்கு. எல்லாவற்றிலும் முதலாவதாக அவர் சொன்னது சான் பிரான்சிஸ்கோ கடற்கரை. "சூரியன் கடலுக்குள்ள எறங்கறதை நான் பார்த்ததே இல்லை. நம்ம மெட்ராஸ் கடல்ல ஏறத்தான் ஏறும்."

"அதுக்குக் கன்னியாகுமரி போனாப் போறாதா, ஏன்னா? அவ்ளோ தூரம் போகணுமா?" என்று கேலி செய்தேன்.

"கன்னியாகுமரி எங்க ஓடிப் போறது? அப்புறம் பார்த்துக்கலாம்."

விசாவுக்கு அலைந்து, கெஞ்சி, ஒருவழியாக எல்லாம் கைக்கு வந்தது. சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். என் மாமனாரின் தம்பி அவர். சன்னிதித் தெருவில் இருந்தார். சாஸ்திரத்தில் சந்தேகம் என்றால் சின்ன காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் வருவார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கள் பயணத்தை நாள் நாளாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"ஏண்டா, வியாழக்கிழமை அமாவாசை. தர்ப்பணம் எங்க பண்ணப்போறே?"

சான் பிரான்சிஸ்கோவில் புதன்கிழமை மத்தியானம் விமானம். டோக்கியோவில் இறங்குவது வியாழன் சாயங்காலம். நடுவில் தேதிக் கோடு. வியாழக்கிழமைக் காலை என்று ஒன்று எங்களுக்கு இல்லவே இல்லை.

இதை விளக்க நான் இருக்கும்போது வேறு யார் வேண்டும்? ஒரு சாத்துக்குடியை எடுத்து, அதன்மேல் பட்டு நூல் ஒன்றைச் சுற்றி, மேற்கே போகிறவன் இந்த நூலைத் தாண்டினால் ஒரு நாளை இழப்பான் என்று வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். நன்றாகத்தான் விளக்கினேன். கொஞ்சம் மோசமாக விளக்கியிருக்கலாம்.

சித்தப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "அமாவாசையே இல்லாத வழியாப் போறேளா? எள்ளும் தண்ணியும் இல்லாம அவாளைப் பட்டினி போட்டுட்டு?" என்றார். கருட சேவையைச் சிரித்துக்கொண்டே விட்ட என் வீட்டுக்காரர் இதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா உயிரோடு இருந்தபோது சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவருக்குள் ஒரு குறை உண்டு. மாதம் ஒருமுறை அந்த எள்ளும் தண்ணீரும்தான் அதற்கு ஆறுதல். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் அப்போது சண்டை போடவில்லை.

டிக்கெட் பையனிடம் ஓடினோம். "டேட் மாத்தினா ரேட்டு மாறிடும் மேடம். இந்த ரேட்டுல முன்னாடியும் சீட்டு இல்ல, பின்னாடியும் சீட்டு இல்ல. வேணும்னா அப்டியே உல்டாவா கெழக்கால போங்களேன்!" என்றான். கிழக்கே போனால் ஒரு நாள் இரண்டு தடவை வரும், கூடுதல் லாபம்தான். ஆனால் அந்தப் பக்கம் இடம் கிடைத்தது பள்ளிக்கூடம் திறந்த பிறகு. பையன் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தான். "அடுத்த வருஷம் போய்க்கலாமே சார், ஒலகம் இங்கதானே இருக்குது" என்றான். கிட்டத்தட்ட இதையேதான் கன்னியாகுமரியைப் பற்றி அவரும் சொல்லியிருந்தார்.

பயணத்தைத் தள்ளிப்போட்டோம். அடுத்த வருஷம் திவசம் சரியாக மே நடுவில் வந்து குந்திக்கொண்டது. அதற்கடுத்த வருஷம் அவர் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ரோட்டில் பக்கவாட்டில் வரும் மாடு தெரியவில்லை. பாங்கில் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று. ஆபரேஷன் செய்தார்கள். மனை விற்ற பணத்தில் பெரும் பங்கு அங்கே போனது. பார்வை நிற்கவில்லை. வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்டார். கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது. கன்னியாகுமரிக்குக்கூட நாங்கள் போகவில்லை.

அவருக்குக் கண் முழுவதும் போய் ஒரு வருஷம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் காபி கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "அமாவாசைங்கறது சந்திரனோட கணக்குதானே?" என்றார்.

"அதுக்கென்ன இப்போ?"

"தேதிக் கோடு நாம போட்டது. சந்திரன் அதைப் பார்த்துட்டு நிக்குமா? அந்த வருஷம் நமக்குப் புதன்கிழமை வெளக்கு வெக்கற நேரத்துக்கு அமாவாசை பொறந்தது, அதனாலதான் இங்க தர்ப்பணம் வியாழக்கிழமைன்னு ஆச்சு. நன்னா ஞாபகம் இருக்கு. இங்க வெளக்கு வெச்சா அங்க விடிகாலம், அதே புதன்கிழமை. அப்படீன்னா சான் பிரான்சிஸ்கோவுல நாம எழுந்துக்கறச்சேயே அமாவாசை வந்தாச்சு. குளிச்சுட்டுத் தர்ப்பணத்தைப் பண்ணிட்டு, சாப்டுட்டு, நிதானமா மத்தியானம் ப்ளேன் ஏறியிருக்கலாம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், காபி வேஷ்டியில் சிந்தியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தொலைந்தது தேதிதான், அமாவாசை இல்லை! காஞ்சிபுரத்துப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் அமாவாசையைத் தேடியிருக்கிறோம். அவ்வளவு படித்த சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை, சாத்துக்குடியில் நூல் சுற்றிய எனக்கும் தோன்றவில்லை. சித்தப்பாவோ அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மிச்சம் இருக்கற பணத்துக்கு உலகம் சுத்த முடியாது. சிங்கப்பூர் வரைக்குமாவது போயிட்டு வரலாமா?" என்றார்.

இருந்த ஆத்திரத்தில், "இனிமே போய் என்னத்தைப் பார்க்கறது!" என்று கத்திவிட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. டம்ளரைத் தடவித் தடவிக் கீழே வைத்தார்.

"நீ பார்த்துச் சொல்லேன்" என்றார். "நான் கேட்டுக்கறேன்."

பார்க்காத ஊரையெல்லாம் பார்த்ததுபோல ஊரார் குழந்தைகளுக்கு அத்தனை வருஷம் சொன்னவள் நான். இந்த ஒருத்தருக்காக ஓர் ஊரை நிஜமாகவே பார்த்துச் சொல்லியிருக்கலாம். பணம் இருந்தது, லீவும் இருந்தது. ஆனால் அன்றைக்கு என் ஆத்திரம் அடங்கவில்லை. ஈரத் துணி எடுத்து வருகிறேன், வேஷ்டியெல்லாம் கறையாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறமும் சில வருஷம் இருந்தார். மறுபடி ஒருதரம் கேட்பார், இந்தத் தடவை சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் கேட்கவே இல்லை.