ஒட்டி நடக்காதே

1. பழக்கம்

எங்களுடையது நம் ராணுவத்தின் தொண்டர் காலாட்படை. ஆண்டில் சில வாரம் பயிற்சி. மற்ற நாளெல்லாம் அவரவர் பிழைப்பு. எனக்கு மலையில் அரவேணுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்தபோது எங்களையும் அழைத்து, கப்பலேற்றி, அந்நாட்டின் வடக்கே ஒரு சாலையைக் காக்க நிறுத்தினார்கள்.

காலையில் ரோடு ஓப்பனிங். வண்டிகள் வருமுன் கண்ணிவெடி இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். ஒரே வெடியில் இரண்டு பேர் போய்விடாமலிருக்க, ஆளுக்கு ஆள் இடைவெளி விட வேண்டும். மலைக்காரர்களான எங்களுக்கு அதுதான் வரவில்லை. யானை நடமாடும் பாதையில் கும்பலாக வேலைக்குப் போய்ப் பழகியவர்கள்.

“மந்தையாட்டம் வராதீங்கடா! இங்க யானையா வருது?” என்று ஹவில்தார் கத்துவார்.

நான் முன்னால் போகும் சிவலிங்கத்தின் முதுகை விடவே மாட்டேன். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் எங்கள் மலைப் பக்கம் பந்தலூருக்கு வந்தவன் அவன்.

“உன் மூச்சு என் கழுத்துல படுதுடா, தள்ளி வா” என்பான்.

2. கம்பி

ஒரு நாள் ஹவில்தார் திட்டியதால் தள்ளியே வந்தேன். பனங்காட்டோரம் சிவலிங்கம் சட்டென்று நின்றான்.

“கிட்ட வராத. கால்ல கம்பி தட்டுது. அசைஞ்சா வெடிச்சிரும்.”

ஹவில்தார் எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, வயர்லெஸ்ஸில் இன்ஜினியர் ஆட்களைக் கூப்பிட்டார். எனக்கு ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

“சிவா, நான் வரட்டுமா?”

“வந்து என்ன செய்யப் போற? பேசிக்கிட்டு இரு. சும்மா நிக்க ஏலாது.”

“என்னத்தப் பேசறது?”

“எந்நேரமும் பொலம்புவியே, இன்னிக்கு வாயடைச்சிருச்சா?”

புலம்பினேன்.

“கவ்வாத்துக் கத்தி துரு புடிச்சிருக்கும். ஊட்டுக் கூரை ஒழுவும். மேஸ்திரி என் எடத்துல அவரு மச்சானப் போட்டிருப்பாரு…”

“டேய், சிரிக்க வைக்காத. கால் ஆடுது!”

இன்ஜினியர் ஆட்கள் வந்து வெடியைச் செயலிழக்கச் செய்யும்வரை நிறுத்தாமல் பேசினேன். காலை எடுத்ததும் சிவலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் கிட்டே போனேன்.

3. யானை

இப்போது படையில் சேருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பயம் போகாது; எனக்கு இன்னும் போகவில்லை. பயந்துகொண்டே நிற்க வேண்டிய இடத்தில் நிற்கலாம். தள்ளி நின்றும் ஒருவனுக்குத் துணையாக இருக்கலாம்.

ஆனால் கற்ற பழக்கம் காலை விடுவதில்லை. போன மாதம் பந்தலூரில் சிவலிங்கத்தோடும் அவன் வீட்டாரோடும் எஸ்டேட் ரோட்டில் நடந்தேன். வளைவில் மூங்கில் முறிகிற சத்தம். எல்லோரும் நெருங்கி ஒன்றாகிவிட்டார்கள். நான் மட்டும் இடைவெளி விட்டு, அசையாமல் நின்றேன்.

“இது யானைடா, கிட்ட வாடா!” என்று சட்டையைப் பிடித்து இழுத்தான் சிவலிங்கம்.