வேளாங்கண்ணி உலையில் மருதங்குடி அரிசி

குத்தாலத்தில் காலை ஆறரை மணி டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் எனக்கு இலவச டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, என் காலடியில் கிடந்த இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்துக்கு மட்டும் லக்கேஜ் போட்டார். பெண்களுக்குத்தான் இலவசம், அவர்கள் தூக்கிவரும் மூட்டைக்கு இல்லை என்று அவர் சொன்ன விதத்தில் பஸ்ஸே சிரித்தது. அன்று யார் என்ன சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்காது. சிப்பத்துக்குள் இருந்தது எங்கள் சொந்த நிலத்தில் விளைந்த முதல் பொன்னி.

எங்கள் ஊர் மருதங்குடி, குத்தாலத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அங்கே பிறர் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்து எங்களை வளர்த்தார்கள். நானும் என் கணவரும் பல வருடம் குத்தகைக்கு உழுதோம். போன வருடம்தான் ஒன்றரை ஏக்கர் வாங்கி, பட்டா எங்கள் பேருக்கு மாறியது. அதில் இந்தத் தை மாதம் அறுத்த நெல்லை அவித்து, அரைத்து, முதல் சிப்பத்தை வேளாங்கண்ணியில் இருக்கும் என் தங்கை மலர்க்கொடிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மலர் அங்கே ஆறு மேசை போட்ட ஒரு மெஸ் நடத்துகிறாள். அவள் கணவர் ஆரோக்கியம் கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவரும் மீனும் இவள் கைப்பக்குவமும் சேர்ந்துதான் கடை ஓடுகிறது. ஆனால் திருவிழா, விடுமுறை நாட்களை விட்டால் அடுப்பு பாதி நாள் சும்மாதான் இருக்கும். பக்கத்து லாட்ஜ் முதலாளி ஜோசப் சார், தன்னிடம் தங்கும் கூட்டத்துக்கெல்லாம் வருடம் பூராவும் சாப்பாடு போட ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பெரிய ஓட்டலா, மலரா என்று அவருக்குக் குழப்பம். அந்தச் சனிக்கிழமை மதியம் திருச்சூரிலிருந்து வரும் நாற்பது பேருக்கு மலர் சமைக்க வேண்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார். இது கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு வேறு ஓட்டலுக்குச் சமைக்கப் போகிறேன் என்று மலர் போனில் சொல்லியிருந்தாள். அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை.

மயிலாடுதுறையில் நாகப்பட்டினம் பஸ் பிடித்தேன். டிக்கெட் ஐம்பது ரூபாய்ச் சொச்சம், மூட்டைக்குத் தனி. வழியெல்லாம் அறுவடை. செயின் வண்டிகள் வயலுக்குள் இறங்கி அறுத்துக்கொண்டிருந்தன. கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடந்தது. காரைக்காலுக்குள் நுழைந்தால் வேறு அரசு, வேறு கடைகள். பஸ்ஸில் பாதி ஆண்கள் எந்தக் கடைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. நாகூர் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. நாகப்பட்டினத்தில் மாறி ஏறினால் வேளாங்கண்ணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

பத்து மணிக்கு மூட்டையோடு இறங்கினேன். ரூம் வேண்டுமா என்று என்னை முதலில் மலையாளத்திலும் பிறகு தெலுங்கிலும் கேட்டார்கள். நான் தமிழில் பதில் சொல்லி, ரூம் வேண்டாம் என்றதும் ஒருவருக்கு முகமே விழுந்துவிட்டது. இந்த ஊரில் மெழுகுவர்த்தி விற்கிறவரும் நாலு பாஷை பேசுகிறார். கோவிலுக்குப் போகும் தெருவில் ஆளுயர மெழுகுவர்த்தி, தகட்டில் அடித்த கை, கால், கண், வீடு எல்லாம் விற்கிறார்கள். எது சுகமாக வேண்டுமோ அதை வாங்கிக் காணிக்கை போடலாம். பேராவூரணிப் பக்கத்துத் தென்னங்கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளை வரம் கிடைத்தவர்கள் அதைத் தோளில் சுமந்து போகிறார்கள். மொட்டை போடுகிறவர், தலைக்குச் சந்தனம் விற்கிறவர், குளிக்க வாளியில் வெந்நீர் கொடுக்கிறவர் என்று ஒருவர் பிழைப்பு இன்னொருவர் பிழைப்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. கடற்கரைப் பக்கம் போனால் மீனைக் கையால் காட்டினால் போதும், மசாலா தடவி எண்ணெயில் போட்டுவிடுவார்கள். நடுத்தர வஞ்சிரத் துண்டுக்கு நூற்றைம்பது ரூபாய் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. மீன்காரர் வீட்டுக்குப் போகிறவள் மீன் வாங்குவாளா?

வயலில் ஒரு மழை தப்பினால் நாங்கள் தலையில் கை வைத்துவிடுவோம். இங்கே ஒரு ரயில் தாமதமானால் ஒரு தெருவே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உழைப்பு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

மலர் சிப்பத்தைப் பிரித்து ஒரு கை அரிசியை அள்ளி முகர்ந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. நான் வருகிறேன் என்று கடைக்காரரிடம் அந்த வார அரிசியையே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். "இன்னைக்கு நம்ம அரிசிதான் அக்கா, நாற்பது எலையிலயும்" என்றாள். நானும் மகிழ்ந்துபோய் அரிசி களைந்து கொடுத்தேன்.

எங்கள் இருவருக்கும் புத்தி எங்கே போயிற்று என்று இன்றும் தெரியவில்லை. வீட்டில் நாலு பேருக்குப் புது அரிசி வடிப்பது வேறு. பக்கத்திலேயே நின்று, பதம் பார்த்துச் சட்டென்று இறக்கிவிடலாம். அண்டாவில் வேகவைத்தால் மேலே பதம் வருவதற்குள் அடியில் குழைந்துவிடும். ஓட்டல்காரர்கள் ஒரு வருடம் கிடந்த பழைய அரிசியைக் கேட்டு வாங்குவது ஏன் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்த நிலத்து நெல் என்ற பெருமையில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அதை மறந்தோம்.

கஞ்சி வடிக்கத் தட்டால் மூடி அண்டாவைச் சாய்த்தபோது சோறே சேர்ந்து வழிந்தது. கரண்டியில் எடுத்தால் களியாக ஒட்டியது. வெளியே திருச்சூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த களைப்பு எல்லார் முகத்திலும் இருந்தது. ஜோசப் சார் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. என் அரிசியே என் தங்கையின் அடுப்பை அணைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மலர் கரண்டியால் அண்டாவை அடிவரை கிளறிப் பார்த்தாள். பிறகு, "அக்கா, பெரிய குண்டான்ல வெந்நி வை. பச்சப்பயறு குக்கர்ல போடு" என்று சொல்லிவிட்டு நேராக வெளியே போனாள். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"சார், அரிசி குழைஞ்சிருச்சு. தப்பு என்னோடதுதான். சாப்பாடு போட முடியாது, கஞ்சியா குடுக்கிறேன். வேண்டாம்னா நீங்களே பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கமாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. சாப்பாடு என்றுதானே பேச்சு, வந்தவர்களைக் கஞ்சி குடிக்கச் சொல்வதா என்று கேட்டார். அதற்குள் கூட்டத்தில் ஒரு பெண்மணி, கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கஞ்சியானால் தனக்கு முதலில் கொடு என்று மலையாளத்தில் சொன்னார். ஜோசப் சார் சரி என்று மலருக்குக் கை காட்டினார். மலர் எதையும் குருட்டாம்போக்கில் செய்யவில்லை. கேரளத்துக் கூட்டத்துக்கு வருடக்கணக்காகப் பரிமாறியவள் அவள். களைத்த வயிற்றுக்கு அவர்கள் எதைத் தேடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த அரைமணி நேரம் நாங்கள் நிமிரவில்லை. குழைந்த சோற்றில் வெந்நீரும் உப்பும் விட்டுக் கடைந்தோம். புது அரிசி பால் விட்டதுபோல் வெண்மையாகத் திரண்டது, வாசனை தெருவரைக்கும் போனது. நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, தேங்காயோடு துவையல் அரைத்தாள் மலர். பயறும் அப்பளமும், முன்பே வைத்திருந்த மீன்குழம்பும் சேர்ந்தன. ஆரோக்கியம் கிண்ணங்களை எடுத்துப் போய் எடுத்துப் போய் வைத்தார். பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாராம் ஒருவர், அவர் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். கடைசியில் ஜோசப் சாரும் ஒரு மூலையில் உட்கார்ந்து குடித்தார்.

கை கழுவிவிட்டு அவர் மலரிடம் வந்தார். "மதியச் சாப்பாடு பெரிய ஓட்டலுக்கே குடுத்திடறேம்மா. அவங்களுக்கு அந்த வசதி இருக்கு. ராத்திரி கஞ்சி உன்னோடது. வருஷம் பூராவும்."

எனக்குப் பாதிதான் கிடைத்தது என்று இருந்தது. மலர் என்னைக் கிண்டல் செய்தாள். பகலெல்லாம் வறுத்த மீனைத் தின்று வெயிலில் அலைகிறவர்கள் ராத்திரி வேறு எதைத் தேடுவார்கள் என்றாள். மதியத்துக்கு எட்டு ஆள் வேண்டும், ராத்திரிக்கு அவளும் ஆரோக்கியமும் போதும். குறுவை நெல்லையும் சம்பாவையும் இனிமேல் தனக்கு அரைத்து அனுப்பச் சொன்னாள். பழசாக விட்டு அனுப்பினால் வாங்கமாட்டாளாம். புது அரிசி என்று விலையைக் குறைக்கிற வியாபாரிகளையே பார்த்த எனக்கு, புதுசுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிற ஆளை அன்றுதான் பார்க்கக் கிடைத்தது.

லாட்ஜ் வாசலில் வைக்கப் பலகை எழுதுகிறவரை ஜோசப் சார் மாலையே கூட்டிவந்துவிட்டார். 'வேளாங்கண்ணிக் கஞ்சிக் கடை' என்று எழுதலாம் என்றார். மலர் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மருதங்குடிக் கஞ்சின்னு எழுதுங்க. மலையாளத்துலயும் எழுதுங்க."

"அது எங்கம்மா இருக்கு, யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

"தெரியாதுல்ல சார். இனிமே தெரியும்."

அம்மா அந்த ஊரில் காலமெல்லாம் அறுத்தார். அறுத்த நெல்லில் ஒரு மூட்டைகூட எங்கள் பேருக்கு இருந்ததில்லை. கூலி கேட்டு நின்ற ஊர் அது. நான் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். பெயிண்ட் காயும்வரை எதிரே நின்றேன். அலைச் சத்தத்துக்கு நடுவே திருச்சூர்ப் பெண்கள் இரண்டு பேர் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். எங்கள் ஊர் எல்லையிலும் மருதங்குடி என்று ஒரு பலகை உண்டு. பிறந்ததிலிருந்து அதைத் தாண்டிப் போய்வருகிறேன், ஒரு நாளும் அது என் ஊர் என்று நினைத்ததில்லை. கடலோரத்தில் இதைப் படித்தபோதுதான் நினைத்தேன்.