விலை படியாத வேன்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு கரடியூரிலிருந்து ஒருவர் என் வேனை விலைக்குக் கேட்டு வந்தார். பெயர் குப்புசாமி. காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறார்.

வேன் என்றால் பள்ளிப் பிள்ளைகளை அள்ளிப் போகிற வேன் அல்ல. உள்ளே மடக்குக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை... இங்கிலீஷில் கேம்பர் வேன் என்பார்கள். ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. நான் ரிட்டையர் ஆகட்டும் என்று காத்திருந்தோம். ஆனேன். அதற்கு ஆறு மாதம் முன்பே அவள் போய்விட்டாள். வேன் ஏற்காட்டு வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

சேலத்து வாசகர் ஒருவர் இந்தப் பத்திக்கு எழுதிய கடிதத்தில் கேட்கிறார் — இந்த மாதிரிப் பழைய வேன்களுக்கு மறுவிற்பனையில் மதிப்பு இருக்குமா? பதில் சொல்லத் தகுதியான ஆள்தான் நான். நான்கு வருடமாக விற்றுக்கொண்டிருக்கிறேன்.

'விற்பனைக்கு' என்று போர்டு மாட்டியதிலிருந்து ஞாயிறுதோறும் யாராவது வருவார்கள். எஸ்டேட் ரைட்டர், சீஸனுக்கு வந்த பெங்களூர்க்காரர், ஒருமுறை ஒரு பாதிரியார்கூட. கட்டிலை விரித்துக் காட்டுவேன். டீ போடுவேன். ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். விலை படிகிற நேரம் பார்த்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைப்பேன்.

அது என் மனைவி பெயரில் இருக்கிறது.

உரிமையாளர் இறந்தால் முப்பது நாளில் தகவல் தர வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று... ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதே விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்த்த சூப்பிரண்ட் நான். தாமதமாக வந்த பெண்களிடம், "ஏம்மா, ஒரு கையெழுத்துப் போட இத்தனை நாளா?" என்று கேட்டிருக்கிறேன். என் மேஜையில் அந்தப் பாரம் நான்கு வருடமாக நிரப்பாமல் கிடக்கிறது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ஆர்.சி.யைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். குப்புசாமி எழவில்லை.

"ஏனுங்க சார், எனக்கு எதுக்குங்க ஆர்.சி.? நான் என்ன ரோட்டுலயா ஓட்டப்போறேன்? தோட்டத்துல காட்டுப்பன்னித் தொந்தரவு நொம்ப. காவலுக்குப் படுக்க ஊடு மாதிரி ஒண்ணு இருந்தாப் போதுமுங்க."

"இஞ்சின் ஓடாதுங்க."

"நல்லதாப் போச்சு. எம் மச்சான் எடுத்துட்டு ஊர் சுத்த மாட்டான். டிராக்டர்ல கட்டி இழுத்துக்கறேன்."

"பதிவான வண்டியைப் பொது ரோட்டுல இழுத்துட்டுப் போறதுக்கு ஒரு விதி..." என்று ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக விதி எண் நினைவுக்கு வரவில்லை.

கேட்ட விலையைக் குறைக்காமலே தருகிறேன் என்றார். என் கையில் இருந்த கடைசி ஆயுதமும் போயிற்று. வேன் போய்விட்டால் அடுத்த ஞாயிறு யார் வருவார்கள்? ஞாயிறன்று தபால்காரர்கூட வருவதில்லை. அவர் கேட்காமலே மூன்றாவது டம்ளர் டீ ஊற்றினேன்.

குப்புசாமி டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"விக்கற மனசு இல்லீங்களாட்டம் இருக்குது. சொல்லிப்போடுங்க சார், கோவிச்சுக்க மாட்டேன்."

"போர்டைப் பார்த்தா நாலு பேர் வருவாங்க... அதுக்குத்தாங்க" என்றேன். எப்படி வாயில் வந்ததோ!

அவர் சிரித்துவிட்டார். "அட, அதுக்கு இத்தாம் பெரிய வண்டிய நிறுத்தி வெக்கோணுமா? ஞாயித்துக்கெழம சந்தைக்கு வர்றவந்தானுங்க நான். வாரப்ப எட்டிப் பாக்கறேன். ஆனா சார், டீயில சக்கரையக் கம்மி பண்ணுங்க. பாயசமாட்ட இருக்குது!"

சேலத்து வாசகருக்கு என் பதில் இதுதான்: பழைய வண்டியின் மதிப்பை மார்க்கெட் மட்டும் தீர்மானிப்பதில்லை. விற்கிறவர் வீட்டில் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறும் குப்புசாமி வந்தார். வேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!