கொளஞ்சியின் கிட்டுகேட்டு

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்று "கொளஞ்சி" என்று ஒரு குரல் விட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் மீசை வைத்தவர்களும் உண்டு, பூ வைத்தவர்களும் உண்டு. பக்கத்துக் கோயில் முருகன் கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த ஒரே பேர் போதுமானதாக இருக்கிறது. நம் கொளஞ்சி பூ வைத்தவள். கம்மாபுரத்தில் பிறந்து, பிளஸ் டூ முடித்த கையோடு தர்மராஜுக்குக் கழுத்தை நீட்டி, அன்று முதல் செராமிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவள்.

அந்தக் கம்பெனியில் செய்வது ஃபியூஸ். வீட்டு மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்குமே, கம்பி போனால் பிடுங்கி மாட்டுவோமே, அந்தப் பீங்கான் கட்டை. கடைக்காரர்கள் அதைக் கிட்கேட் என்பார்கள். கம்பெனிப் பெண்கள் வாயில் அது கிட்டுகேட்டு. அச்சிலிருந்து இறங்கும் கிட்டுகேட்டின் பிசிறைத் தேய்த்து எடுப்பது கொளஞ்சியின் வேலை. கை அதுபாட்டுக்குத் தேய்க்கும். மனசு கொலை செய்துகொண்டிருக்கும்.

கொலை என்றால் கதையில்தான். பஸ் ஸ்டாண்டு கடையில் மாசாமாசம் வரும் துப்பறியும் நாவல்களை வாங்கிப் படித்துப் படித்து, ஒரு கட்டத்தில் இதைவிட நாமே நன்றாகக் கொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. உட்கார்ந்து எழுதினாள். சென்னையில் ஒரு பழைய பங்களா. நகைக்கடை முதலாளி செத்துக் கிடக்கிறார். துப்பறிய வருகிறவள் இன்ஸ்பெக்டர் தென்றல். எந்தப் பங்களாவுக்குள்ளும் கொளஞ்சி கால் வைத்ததில்லை. ஆனால் கொலைகாரன் முதலில் மெயின் போர்டு பக்கம் போய் ஃபியூஸைப் பிடுங்குகிறான் பாருங்கள், அந்த இடம் மட்டும் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது கதையையும் திறப்பாள். தினம் ஒரு அத்தியாயம். கொளஞ்சி வாயைத் திறக்காமல் வீராயிக்குச் சோறு இறங்காது. வீராயி அங்கே எல்லாருக்கும் மூத்தவள், எழுத்து தெரியாதவள். கடைசி அத்தியாயத்தை மட்டும் கொளஞ்சி சொல்லவே இல்லை.

"யாருடி கொன்னது? சமையக்காரனா, அந்த மச்சானா?" என்று வீராயி நச்சரித்தாள்.

"புக்கா வரட்டும்க்கா. கடசி பக்கத்துல இருக்குது."

"நான் எங்கடி படிக்கப் போறேன்?"

"நம்ம பக்கத்து பெஞ்சு பூங்கோதை படிச்சிக் காட்டுவா. உனக்குதான் மொதல்ல. சத்தியம்."

புத்தகமாக்க யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் இருந்தபோதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. ஓரத்துக் குரல்கள் எழுத்தாளர் மாநாடு, சென்னை. பதிப்புலகின் வாசலை எல்லாருக்கும் திறக்கப்போகிறார்களாம். கொளஞ்சி விண்ணப்பித்தாள். "அன்புள்ள திரு. கொளஞ்சி அவர்களுக்கு" என்று பதில் வந்தது. பெண் என்று சொல்ல போன் போட்டபோது அந்தப் பக்கம் சந்தோஷத்தில் குதித்தார்கள். மகளிர் பட்டியலில் ஒரு ஆள் குறைகிறதாம்.

மாநாட்டு அரங்கில் ஏசி எலும்பைத் துளைத்தது. 'குரலற்றவர்களின் குரல்' என்ற தலைப்பில் குரல் உள்ளவர்கள் மாற்றி மாற்றிப் பேசினார்கள். குரலற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். சாப்பாட்டு வேளையில் குட்டிக் காகிதக் கோப்பையில் கம்பங்கூழ் கொடுத்து, "உங்களுக்காகவே ஸ்பெஷலா" என்றார்கள். கொளஞ்சி பிரியாணி இருக்கும் என்று நம்பி, காலையில் வழியில் பஸ் நின்றபோது ஒரு டீயோடு நிறுத்தியிருந்தாள். பாவம்.

சாயங்காலம்தான் பதிப்பாளர் சந்திப்பு. ஒரு மேஜைக்குப் பின்னால் பதிப்பாளர் இனியவன். பக்கத்திலேயே பேராசிரியர் பாலகிருஷ்ணன், சொல்லாராய்ச்சிக்காரர். கொளஞ்சி நீட்டிய காகிதக் கட்டை இனியவன் அங்கங்கே புரட்டிவிட்டு மூடினார்.

"பங்களா, இன்ஸ்பெக்டர், கொலை... இதை எழுத இங்கயே ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. உங்க மண்ணு எங்க?"

"கம்பெனியில நாளு பூரா மண்ணுதாங்க சார். கதையிலயாவது வாணாமேன்னு வுட்டுட்டேன்."

இனியவன் அடுத்த ஆளைப் பார்த்தார். ஊருக்குப் போய் வீராயிக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் கொளஞ்சிக்கு முதலில் தோன்றியது. அதற்குள் பேராசிரியர் கட்டைத் தன் பக்கம் இழுத்து, ஏதோ ஒரு பக்கத்தை எடுத்து உரக்கப் படித்தார்.

"'அவன் கிட்டுகேட்டைப் பிடுங்கிக்கொண்டு போனான். வீடே இருண்டது.'"

படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று கொளஞ்சி பயந்தாள்.

"கிட்ட வந்து கேட்டு... கிட்டு கேட்டு! இனியவன், கவனிச்சீங்களா? பெண்கள் காதோட காதா பேசிக்கிற அந்தரங்கத்துக்கு இவங்க நடுநாட்டுல தனிச் சொல்லே இருந்திருக்கு. அதை ஒரு ஆண் பிடுங்குறான். வீடு இருண்டு போகுது. நகரத்து எழுத்தாளன் ஒருத்தனால இப்படி எழுத முடியுமா?"

"சார், அது வந்து, போர்டுல..." என்று கொளஞ்சி ஆரம்பித்தாள்.

இனியவனின் கை மறுபடி கட்டின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. கொளஞ்சி அந்தக் கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் போனிலேயே நடந்தது. முதலில் நகைக்கடை முதலாளியை எடுத்தார்கள். செத்தவர் நிலம் இழந்த விவசாயியாக இருக்கட்டும் என்றார்கள். பங்களா குடிசையானது. இன்ஸ்பெக்டர் தென்றலை எடுத்துவிட்டு வெறும் தென்றலை வைத்துக்கொண்டார்கள், ஜன்னல் வழியாக வீசுவதற்கு. குடிசையில் ஏது ஜன்னல் என்று கொளஞ்சி கேட்டதற்கு, அது குறியீடு என்றார் இனியவன். அவளும் சரி சரி என்றாள். கடைசி அத்தியாயத்தில் கை வைத்தபோதுதான் பதறிப்போனாள்.

"கொன்னது யாருன்னு சொல்லிட்டா நாவல் செத்துடும்மா. முடிவு திறந்தே இருக்கணும்."

"சார், கம்பெனியில ஒரு அக்கா அதுக்குன்னே காத்துக்கிட்டு கெடக்குதுங்க."

"வாசகரைக் காக்க வைக்கிறதுதான் இலக்கியம்."

இரண்டு ராத்திரி புரண்டு படுத்துவிட்டு, அதற்கும் சரி என்றாள். புத்தகம் என்று ஒன்று வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வந்தது. அட்டையில் விரிசல் விட்ட நிலம், அதன் மேல் 'கிட்டுகேட்டு' என்று கொட்டை எழுத்து. மண்ணின் மொழியை மீட்டெடுத்தவர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. பேராசிரியர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்தார். அவர் அங்கே போட்டுக் காட்டிய படத்தில் கொளஞ்சி குடத்தோடு நிற்கிறாள். அவள் வீட்டில் வாசலிலேயே பைப்பு இருக்கிறது.

கம்பெனியில் மத்தியானத்துக்கு மத்தியானம் பூங்கோதை படித்துக்காட்டினாள். இன்ஸ்பெக்டர் எங்கே, நகைக்கடை எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வீராயி மட்டும் எல்லாரையும் அடக்கினாள். "கடசில வரும்டி, சும்மா கெடங்க. எனக்கு சத்தியம் பண்ணியிருக்கா."

கடைசிப் பக்கம் வந்தது. பூங்கோதை படித்து நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் வீராயி.

"அவ்ளோதான்க்கா. பின்னாடி சொல்லுக்கு அர்த்தம்தான் போட்டிருக்குது." பூங்கோதை விரலை வைத்துப் படித்தாள். "'கிட்டுகேட்டு. கிட்ட வந்து கேட்டல். நடுநாட்டுப் பெண்களின் அந்தரங்க உரையாடல்.'"

குபீரென்று கிளம்பிய சிரிப்பில் சூளைப் பக்கம் நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். பூங்கோதை தட்டிலிருந்து ஒரு கிட்டுகேட்டை எடுத்து வீராயியின் காதில் வைத்தாள். "கேட்டுப் பாருக்கா, யாரு கொன்னான்னு சொல்லுதான்னு."

வீராயி அதைத் தள்ளிவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. "எனக்குதான மொதல்ல சொல்றேன்ன?" என்றாள் கொளஞ்சியைப் பார்த்து.

கொளஞ்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சோற்றுக் கையோடு நகர்ந்து போய் வீராயியை ஒட்டி உட்கார்ந்தாள். காதோடு காதாக அந்தப் பேரைச் சொன்னாள். எப்படிச் செய்தான், எங்கே ஒளிந்திருந்தான், ஃபியூஸில் பட்ட கைரேகையை வைத்து தென்றல் எப்படிப் பிடித்தாள், எல்லாம் சொன்னாள். வீராயியின் கண் அகல அகல விரிந்தது.

"அடிப்பாவி! அவனாடி? நான் நெனச்சிக்கூட பாக்கலயே!" என்று தொடையைத் தட்டினாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. அப்புறம் புத்தகத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தன நல்லா இருக்குது. இத்த ஏன்டி புக்குல போடல?"

மணி அடித்தது. கொளஞ்சி கையைக் கழுவிவிட்டுப் பிசிறு தேய்க்கப் போனாள்.