பதினோரு நாள் ஆட்டக்காரர்

எண்பதுகளின் நடுவில் ஹூஸ்டனில் ஒரு சின்ன கிளினிக்கில் எலும்பு டாக்டராக இருந்தேன். ஒரு புதன்கிழமை காலை கதவைத் திறக்கும்போதே வாசலில் ஒருவர் நின்றிருந்தார். முப்பதை ஒட்டிய வயது. வலது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டிருந்தார்.

பேஸ்பால் ஆடுகிறவர் என்றார். ஒன்பது வருஷம் சின்னச் சின்ன ஊர் டீம்களில் ஆடியவரை, போன வாரம்தான், வேறொருவருக்குக் கால் பிசகியதால், நாட்டின் முதல்தரப் போட்டியான மேஜர் லீகுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தரையோடு வருகிற பந்தைப் பாய்ந்து எடுத்து முதல் பேஸ் என்கிற இடத்தில் நிற்கும் தன் ஆளுக்கு எறிவது அவர் வேலை. முந்தின நாள் அப்படிப் பாய்ந்ததில் மணிக்கட்டு மடங்கிவிட்டது. டீம் டாக்டர் பார்த்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, டெலிபோன் டைரக்டரியில் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சின்ன எலும்பு அது. ரத்த ஓட்டம் குறைவு. அசையாமல் வைக்காவிட்டால் எலும்பு செத்தே போகலாம். மூன்று மாதம் மாவுக்கட்டு என்றேன்.

அவர் வாதாடவில்லை. "அம்மா சனிக்கிழமை வராங்க டாக்டர். நான் பெரிய மைதானத்துல ஆடி அவங்க பார்த்ததே இல்ல. ரெண்டு வாரம் தாங்குமா?"

தாங்காது என்று எனக்குத் தெரியும்.

"தாங்கும்," என்றேன்.

இறுக்கமாகப் பட்டை சுற்றிவிட்டேன். அவர் போன பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதன்பின் அந்த நாலைந்து நாளும் அவர் டீம் ஆடும் மேட்ச் டிவியில் வந்தால் உட்கார்ந்துவிடுவேன். "கிரிக்கெட்டையே திரும்பிப் பாக்க மாட்ட, இப்ப பேஸ்பாலா?" என்று என் கணவர் சிரிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே, சுலபமான பந்து ஒன்றை எடுத்து எறிந்தார். அது முதல் பேஸ்காரரின் தலைக்கு மேலே போய்க் கூட்டத்தில் விழுந்தது. எறிந்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை. மறுநாள் பேப்பரில் அவர் இடத்தில் வேறு பெயர் இருந்தது. பெரிய மைதானத்தில் அவர் இருந்தது மொத்தம் பதினோரு நாள்.

மூன்று வருஷம் கழித்து, பூட்டு வாங்கப் போன ஒரு ஹார்ட்வேர் கடையில் கவுன்டருக்குப் பின்னால் அவர் நின்றார். "டாக்டர்!" என்று இடது கையை நீட்டினார். வலது கை மணிக்கட்டில் மடங்காமல் தொங்கியது.

"அம்மா வந்து பார்த்தாங்க. அன்னைக்கு ரெண்டு ஹிட் அடிச்சேன். நீங்க தாங்கும்னு சொன்னதாலதான் இறங்கினேன்."

அவர் நன்றி சொல்லிக்கொண்டே போனார்.

"தாங்காதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பூட்டைக் காகிதப் பையில் போட்டு, இடது கையாலேயே பையின் வாயை மடித்து, என் பக்கம் தள்ளினார். அடுத்து நின்றவரிடம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

காருக்கு வந்து வெகுநேரம் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா? கடைக் கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்காமல்.