அநாதை வேஷம்

தொலைபேசி அலுவலக வேலையிலிருந்து நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த சில மாதங்களிலேயே நற்பணிச் சங்கம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்றவர்களுக்காக இரண்டு கூட்டங்கள் காத்திருக்கும். ஒன்று பாராயணக் குழு, இன்னொன்று சேவைக் குழு. பாராயணத்துக்கு விடியுமுன் குளித்துவிட்டு வர வேண்டும் என்றார்கள். அதனால் நான் சேவைக்குப் போனேன்.

சங்கத்தின் சேவை என்னவென்றால், எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுவது. பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் இல்லம். உறுப்பினர்களில் யாருக்காவது பிறந்தநாள், திருமண நாள், மாமனார் திதி என்று வந்தால் வேன் பிடித்துப் போவோம். போனதும் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து இலை போட்டுப் பரிமாறுவோம். ஆனால் யாரும் கை வைக்கக் கூடாது. முதலில் போட்டோ. சாம்பார் வாளியோடு ஒருவர், அப்பளத்தோடு ஒருவர், ஒன்றுமே இல்லாமல் குழந்தையின் தலையில் கை வைத்தபடி ஒருவர். சோறு ஆறிப் போகும். பிறகு, ஜன்மத்தில் பார்த்திராத ஒரு கிரானைட் வியாபாரிக்கு அந்தப் பிள்ளைகள் ஹேப்பி பர்த்டே பாட வேண்டும். யாராவது போனை உயர்த்தினாலே போதும், இலையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்ளும். அந்த அளவுக்கு எங்களிடம் பழகியிருந்தார்கள்.

எனக்கு அந்த வேன் பயணம் சீக்கிரமே சலித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். இல்லத்தின் வார்டன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேன் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். அப்படித்தான் என் உண்மையான சேவை தொடங்கியது. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. பேன் சீப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை எந்தச் சங்கத்தின் குரூப்பிலும் போட மாட்டார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே பெற்றோர் வரும் நாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கத்தில் 'அநாதைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள்' என்று கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று காலை வாசலில் அம்மாக்கள் வந்து இறங்கினார்கள். கட்டட வேலைக்குப் போகிறவள், ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் பெண் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாமல் இங்கே சேர்த்திருக்கிறார்கள். அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லாத பிள்ளைகளை அங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி லால்குடிப் பக்கத்துக்காரி. நடவு, களை, அறுப்பு என்று வயலில் கிடைத்த வேலைக்கெல்லாம் போகிறவள். புருஷன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவள் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத பிள்ளை. நான் பேன் பார்க்கும்போது வார்டன் நடப்பது, நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவது எல்லாவற்றையும் எனக்கே நடித்துக் காட்டுவாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாலும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் இல்லத்துக்குக் குளியலறைகள் கட்டித் தருவதாகச் சங்கம் முடிவு செய்தது. நல்ல காரியம்தான். அங்கே காலையில் குளிக்க நிற்கும் வரிசையை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு நிதி திரட்ட ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. சங்கத்தின் செயலாளர், ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் ஒரு கடையின் முதலாளி, விழாவுக்காகத் தானே ஒரு நாடகம் எழுதியிருந்தார். கதை இதுதான். குழந்தைகள் தெருவில் பசியோடு கிடக்கிறார்கள். உலகம் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் போகிறது. அப்போது சங்கத்தின் செயலாளர் வருகிறார். வந்து அவர்களைத் தூக்கி நிறுத்துகிறார். செயலாளராக நடிப்பது செயலாளரே. அவர் மனைவி 'கருணை' என்ற பாத்திரமாக வருகிறார், பட்டுப்புடவையில்.

ஒத்திகைக்கு இல்லத்துக்கு வந்தபோது அவர் பேனரின் மாதிரியையும் கொண்டுவந்தார். 'அநாதைக் குழந்தைகளின் கண்ணீர் துடைப்போம்' என்று அதில் இருந்தது. வார்டன் அம்மா மெதுவாகச் சொன்னார்: "சார், நாங்க இங்க அந்த வார்த்தைய சொல்றதில்லைங்க. புள்ளைங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அப்படிப் போட்டாத்தான் கொடுக்குறவங்களுக்கு மனசு இளகும். அம்மா வேலைக்குப் போறாங்கன்னு போட்டா யாரு கொடுப்பா?"

வார்டன் பேனரைச் சுருட்டி அவரிடமே கொடுத்தார். குளியலறை அவருக்கு வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் உடை. நாடகத்துக்குக் கிழிந்த துணி வேண்டும். இல்லத்தில் கிழிந்த துணியே இல்லை. வார்டன் ஒவ்வொன்றையும் தைத்துத் துவைத்து மடித்து வைத்திருப்பவர். செயலாளரின் மனைவி யோசித்துவிட்டு, தீபாவளிக்குச் சங்கம் கொடுத்திருந்த கவுன்களையே எடுத்துவரச் சொன்னார். கத்தரிக்கோலால் ஓரங்களை வெட்டி அங்கங்கே ஓட்டை போட்டார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் தன் கவுனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கி வெட்டினார்கள்.

லால்குடிக்காரியின் மகளுக்குத்தான் முக்கிய வேடம். அவள் நடிப்பைப் பார்த்துவிட்டுச் செயலாளரே அசந்துபோனார். பெற்றோர் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அம்மாவிடம், "நான்தாம்மா மெயினு. நீ வந்து பாரும்மா" என்று குதித்தாள். அந்த அம்மா என்னிடம் தயங்கிக்கொண்டே வந்து, "நாங்கெல்லாம் வரலாமாங்க?" என்று கேட்டாள்.

"தாராளமா வாம்மா. உன் பொண்ணு நடிக்குறத நீ பாக்காம யாரு பாக்குறது?" என்றேன்.

விழா காலை பத்து மணிக்கு. நன்கொடை கொடுப்பவர்களும் அவர்கள் குடும்பமுமாக மண்டபம் நிறைந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் மட்டும் வரவில்லை. பிள்ளைகளை எட்டு மணிக்கே கொண்டுவந்து, பியூட்டி பார்லர் பெண் ஒருத்தியை வைத்துக் கன்னத்தில் கரி பூசி, தலையைக் கலைத்துவிட்டு, மேடைக்குப் பக்கத்து அறையில் அடைத்திருந்தார்கள். வியர்வையில் கரி வழிந்துவிடும் என்று யாரையும் வெளியே விடவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனபோது, கரி போய்விடாதபடி ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். லால்குடி பஸ்ஸிலிருந்து திருவானைக்காவிலேயே இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருந்தாள். பச்சைக் கலரில் ஒரு நல்ல புடவை, மடிப்புக்கூட இன்னும் கலையாமல். கையில் ஒரு துணிப்பை. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் அவளுக்கு மட்டும் தெளிக்க மறந்துபோனார்கள். நான் போய் உள்ளே அழைத்துவந்தேன்.

செயலாளர் எங்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாரு மேடம் அது?"

"மெயின் ரோல் பண்ற பொண்ணோட அம்மா சார்."

"அம்மாவா?" அவர் முகம் மாறிவிட்டது. "என்ன மேடம் நீங்க? அநாதைப் புள்ளைங்கன்னு பேனர் கட்டியிருக்கோம். இப்ப அம்மான்னு ஒருத்தங்க வந்து உக்காந்தா நாலு பேரு கேள்வி கேக்க மாட்டாங்களா? டைனிங் ஹால்ல உக்கார வைங்க. எல்லாம் முடிஞ்சதும் பாத்துட்டுப் போகட்டும்."

"அவங்க நாடகம் பாக்க வந்திருக்காங்க சார்."

"வீடியோ எடுக்குறோமே. அனுப்பி வச்சுடலாம்."

அவளிடம் இருந்தது பட்டன் போன். அதைச் சொன்னாலும் அவருக்கு உறைத்திருக்காது. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நேராக அவளை அழைத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் 'விஐபி' என்று தாள் ஒட்டியிருந்த ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன். "இங்கயாங்க?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். செயலாளர் மேடையிலிருந்து என்னை முறைத்தார். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டதால் அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு அது மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வரவேற்புரை, வாழ்த்துரை, குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுயரத்துக்கு அட்டையில் செய்த காசோலை எல்லாம் முடிந்து நாடகம் தொடங்கியது. விளக்கை அணைத்தார்கள். வயலின் ஓசை. மேடையில் கிழிந்த கவுனோடு பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். நடுவில் லால்குடிக்காரியின் மகள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்து, "எனக்கு யாருமே இல்லையே! இந்த உலகத்துல எனக்குன்னு யாருமே இல்லையே!" என்று கதறினாள். பின்வரிசையில்கூட மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"ஏய், என்னடி சொல்ற? நான் இருக்கேன்ல?"

வயல்வெளியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. மேடையில் மகள் வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்தாள். இனி கூட்டத்தில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும், பேனரைத் திரும்பிப் பார்ப்பார்கள், யாராவது ஒருவராவது கேட்பார்கள் என்று நான் நினைத்தேன்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். அதையும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள்! எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி, "ஆடியன்ஸ்லேர்ந்து அம்மா எந்திரிக்கிற மாதிரி வச்சிருக்காங்க பாருங்க, என்ன டைரக்‌ஷன்!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

செயலாளர் சாமர்த்தியசாலி. இல்லாவிட்டால் அத்தனை ஃப்ரிட்ஜ் விற்க முடியாது. உடனே மைக்கைப் பிடித்து, "தாயாக நாங்கள் இருக்கிறோம் என்று இந்த ஏழைத் தாயின் குரல் வழியாக நம் சங்கம் சொல்கிறது" என்றார். என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளை மேடைக்கு வரவழைத்துப் பொன்னாடை போர்த்தி, சிறப்பு விருந்தினரோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். இறங்கி வந்து, தோளில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்று என்னைக் கேட்டாள்.

சாப்பாட்டில் முதல் பந்தி விருந்தினர்களுக்கு, இரண்டாவது உறுப்பினர்களுக்கு. எந்தப் பிள்ளைகளுக்காக விழாவோ அவர்களுக்கு மூன்றாவது பந்தி. கரியைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மகள் கடும் கோபத்தில் இருந்தாள்.

"ஏம்மா கத்துன? நான் நல்லாத்தான பண்ணிட்டிருந்தேன்? எல்லாம் போச்சு."

"நீ அப்படி அழுதியா, நெசமாத்தான் அழுவுறன்னு நெனச்சுட்டேன்டி."

"அது கிளிசரின்மா!"

அம்மாவுக்கு கிளிசரின் என்றால் என்னவென்று தெரியவில்லை. கண்ணில் போட்டார்கள் என்றதும் பதறிப்போய் மகளின் முகத்தைத் திருப்பி இரண்டு கண்ணையும் பார்த்தாள். பிறகு துணிப்பையிலிருந்து கடலை உருண்டைகளை எடுத்து இலையில் வைத்தாள். பக்கத்துப் பிள்ளைகளின் இலைகளிலும் ஒவ்வொன்று. மகள் கோபத்தோடேயே அதைத் தின்றாள்.

அன்று சாயங்காலமே வீடியோ குரூப்பில் வந்தது. வாழ்த்துகள் குவிந்தன. நான் ஒரே ஒரு வரி போட்டேன்: 'இந்தப் பெண்ணுக்குத் தாய் இருக்கிறார். பேனரில் அநாதை என்று போட்டது தவறு.' பதிலுக்கு ஒருவர் கும்பிடும் கைகளைப் போட்டார். இன்னொருவர் ரோஜாப் படத்தோடு 'இனிய மாலை வணக்கம்' போட்டார். அதோடு சரி.

குளியலறைகளைக் கட்டினார்கள், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வழவழவென்று டைல்ஸ், நல்ல குழாய்கள். காலையில் இப்போது யாரும் வரிசையில் நிற்பதில்லை. வாசலில் சங்க உறுப்பினர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு கருங்கல் பலகை. பலகையைச் சுவரில் பொருத்திய விளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருப்பதால் பிள்ளைகள் ஈரத் துண்டை அதில்தான் போடுகிறார்கள். வார்டன் அம்மா அதைக் கண்டிப்பதில்லை.

மறு வருஷம் விழா நெருங்கியபோது செயலாளரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அதற்கு முன் பல மாதங்களாக அவர் என்னோடு பேசவில்லை. குரலில் தேன் சொட்டியது.

"மேடம், போன தடவ முன்னாடி உக்காந்திருந்தாங்களே அந்த அம்மா, அவங்கள இந்த வருஷமும் கூட்டிட்டு வர முடியுமா? எல்லாரும் அந்த சீனத்தான் கேக்குறாங்க."

"அது சீன் இல்ல சார்."

"சரி, இருக்கட்டும். அவங்க நடிக்கவே வேண்டாம். போன வருஷம் மாதிரி எந்திரிச்சு அந்த ஒரு டயலாக்க சொன்னாப் போதும். போக வர ஆட்டோ வச்சுடறோம்."

போனைப் பட்டென்று வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மா என்ன சொல்வாள் என்று கேட்க எனக்கு ஆசை வந்துவிட்டது. அதற்குள் அவள் மகளை இல்லத்திலிருந்து அழைத்துக்கொண்டு போயிருந்தாள். அவளுடைய தங்கை கூடவே வந்து தங்கிவிட்டதால் வீட்டில் துணை இருந்தது. பிள்ளை லால்குடியிலேயே எட்டாவது படித்தாள். நான் அம்மாவைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன சொல்லச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"போன வருஷம் சொன்னதையேதாம்மா."

அவள் சொன்னாள்: "அது எனக்கு வயிறு எரிஞ்சு வந்ததுங்க. அத எப்புடிங்க திரும்பச் சொல்றது?"

"வேண்டாம்மா. நீ வர வேண்டாம்" என்றேன்.

அதற்குள் பின்னாலிருந்து மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மிஸ், அம்மாவுக்கு வெக்கமா இருக்காம். அந்த அம்மா வேஷம் வேணும்னா நான் பண்றேன் மிஸ். நல்லாப் பண்ணுவேன்."

இதை நான் செயலாளரிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே சம்மதித்துவிடுவார்.